கடற்காற்று நுழையும் கூடம்

நகரத்து வீடுகளின் வரவேற்பறைக்கென்று ஒரு விறைப்பு உண்டு. வாயிலைப் பார்த்தபடி மூவர் அமரும் சோபா, அதன் இருபுறமும் ஒற்றை இருக்கைகள், நடுவே கண்ணாடி பதித்த டீப்பாய், அதன்மேல் ஒருநாளும் வாடாத பிளாஸ்டிக் பூங்கொத்து, எதிர்ச் சுவரில் பரிசுக் கோப்பைகளும் பித்தளைச் சிலைகளும் நெருக்கியடித்து நிற்கும் கண்ணாடி அலமாரி. சோபாவின்மீது வெல்வெட், வெல்வெட்டில் அழுக்குப் படாதிருக்க அதன்மீது ஒரு விரிப்பு. சம்பந்தி வீட்டாரோ அலுவலக மேலாளரோ வரும் நாளில் மட்டும் அவ்விரிப்பு அகற்றப்படும். மற்ற நாள்களில் வீட்டிலுள்ளோர் சாப்பாட்டு மேசையைச் சுற்றியோ கட்டிலின் விளிம்பிலோ அமர்ந்து பேசிக்கொண்டிருப்பர். வீட்டின் மிகப் பெரிய அறை, மிகுந்த பொருட்செலவில் அமைந்த அறை, ஆளின்றிக் கிடக்கும்.

அத்தகைய அறையைக் கடலோரக் குடிலின் சாயலில் மாற்றியமைக்க வேண்டும் என்னும் விருப்பம் அண்மைக் காலமாகப் பலரிடம் காணப்படுகிறது. விருப்பம் நல்லதே. ஆனால் அதை நிறைவேற்றப் புறப்படுவோரிற் பெரும்பாலோர் கடைக்குச் சென்று மரத்தாலான நங்கூரம், கயிறு சுற்றிய முகம் பார்க்கும் கண்ணாடி, கலங்கரை விளக்கப் படம், நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட தலையணை ஆகியவற்றை வாங்கி வந்து அதே சோபாவின்மேலும் அதே அலமாரியிலும் அடுக்கிவிடுகின்றனர். அறையில் முன்பிருந்த நெரிசலோடு மேலும் பத்துப் பொருள்கள் சேருகின்றன. அங்கே போய் அமரும் ஆசை மட்டும் யாருக்கும் வருவதில்லை.

இப்பாணியின் பெயர் மேலைநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும் இங்கிலாந்தின் கரைகளிலும் கோடை நாள்களைக் கழிப்பதற்கென்று நகரத்தார் சிறு வீடுகளை வைத்திருந்தனர். நகரத்து வீட்டில் பழசாகிப்போன நாற்காலிகளும், ஒரு கால் ஆடும் மேசையும், துவைத்துத் துவைத்து நிறம் மங்கிய விரிப்புகளும் அவ்வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றோடொன்று பொருந்தாத அத்தட்டுமுட்டுப் பொருள்களை ஓரினமாக்க எளிய வழி எல்லாவற்றுக்கும் வெள்ளை வண்ணம் பூசிவிடுவது. மணல் ஒட்டிய காலோடும் நனைந்த உடையோடும் பிள்ளைகள் உள்ளே ஓடிவருவார்கள் என்பதால் துவைக்க முடியாத துணிக்கு அங்கே இடமில்லை. இன்று பெருவிலைக்கு விற்கப்படும் இத்தோற்றம் சிக்கனத்தில் பிறந்தது என்பதை நினைவிற் கொள்வது நம் பணப்பைக்கு நல்லது.

நம் நாட்டுக் கரைகளிலோ இதற்கு ஈடான வீட்டமைப்பு நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. கோவாவின் பழைய வீடுகளில் வாயிற்படியை ஒட்டி, இருபுறமும் கல் இருக்கைகளோடு, தெருவைப் பார்த்தபடி அமைந்திருக்கும் முகப்பைப் பல்காவ் என்பர். மாலை வேளையில் வீட்டார் அங்கே அமர்ந்து வழிப்போக்கரோடு உரையாடுவர். கேரளத்துப் பூமுகத்தில் சாய்மானத்தோடு கூடிய மரப்பலகை இருக்கை உண்டு. அதன் பெயர் சாருபடி. புதுச்சேரியின் தமிழர் பகுதி வீடுகளிலும் சோழமண்டலக் கரையூர்களிலும் திண்ணையும், அதைக் கடந்தால் முற்றமும், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் காணலாம். மேற்குக் கரையில் கூரைமேல் அமர்ந்த சிவப்பு ஓடு மங்களூர் ஓடு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிறித்தவ சமயப் பணிக்குழு 1865-ஆம் ஆண்டு மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவியது அது. ஓடுகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளி வழியாகச் சூடான காற்று மேலேறி வெளியேறிவிடும்.

இவ்வீடுகள் அனைத்தும் செய்ததென்ன? கண்ணைக் கூசவைக்கும் வெயிலை வடிகட்டின; காற்றை உள்ளே அழைத்து மறுபுறம் வெளியே விட்டன; உப்பும் ஈரமும் தின்றுவிடாத பொருள்களைப் பயன்படுத்தின; உட்காருவதற்கு, அதுவும் நெடுநேரம் உட்காருவதற்கு, இடம் கொடுத்தன. அடுக்குமாடிக் குடியிருப்பின் பன்னிரண்டுக்குப் பதினாறடிக் கூடத்திலும் இந்நான்கையும் ஓரளவு செய்துவிட இயலும். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாக்பூரிலோ போபாலிலோ வசிப்போர்க்கும் இது பொருந்தும்.

முதலில் வெளியேற்றுங்கள்

ஒரு விடுமுறை நாளில் கூடத்தில் உள்ள சிறு பொருள்கள் யாவற்றையும் வேறோர் அறைக்கு மாற்றிவிட்டு, சோபாவும் நாற்காலிகளும் மட்டும் இருக்கும் அறையில் ஒரு வாரம் வாழ்ந்து பார்ப்பது நல்ல தொடக்கம். செலவு ஏதுமில்லை. எந்தப் பொருளைத் தேடிக்கொண்டு யாராவது போகிறார்களோ அது திரும்பி வரட்டும். தாத்தாவின் படம் திரும்பி வரும்; குத்துவிளக்கு திரும்பி வரும்; மகள் பள்ளியில் வரைந்த ஓவியம் திரும்பி வரும். நிறுவனங்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த பேனாத் தாங்கிகளைத் தேடி யாரும் போகமாட்டார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உள்ளலங்காரப் புகைப்படங்களில் காணும் வெறிச்சோடிய வெண்மையை அப்படியே கொண்டுவர முயன்று, முன்னோர் படங்களையும் பூசை மாடத்தையும் படுக்கையறை மூலைக்குத் தள்ளுவோர் உண்டு. அது தேவையற்றது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டமிட்ட பழைய நிழற்படத்தைப் போல் அழகாகத் தோன்றுவது வேறொன்றில்லை. பத்துப் படங்கள் பத்து இடங்களில் தொங்குவதை மாற்றி, ஒரே சுவரில் கண்மட்டத்தில் ஒரு தொகுதியாக மாட்டினால் போதும்.

அடுத்துச் சன்னலைப் பாருங்கள். பல வீடுகளில் கண்ணாடி அலமாரியோ சோபாவின் உயர்ந்த முதுகோ சன்னலின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். காற்று ஓர் அறைக்குள் நுழைய வேண்டுமானால் நுழைவாயும் வெளிவாயும் இரண்டும் வேண்டும். சன்னலுக்கு எதிரே உள்ள கதவையோ சமையலறைச் சன்னலையோ திறந்து, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகை செல்லும் வழி தெரிந்துவிடும். அவ்வழியில் நிற்கும் பெரிய பொருள்களை ஒதுக்கிவிட்டாலே அறையின் இயல்பு மாறத் தொடங்கும்.

அமரும் இடம்

இனிச் சோபா. மூன்று இருக்கைகளும் நீதிமன்றம்போல் எதிரெதிரே நிற்கும் வரிசையைக் கலைக்க வேண்டும். நீண்ட சோபாவைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைக்கலாம். ஒற்றை இருக்கைகளில் ஒன்றைப் படிப்பதற்கென விளக்கருகில் தனியே போடலாம். மற்றொன்றை வேறு அறைக்கு அனுப்பிவிடலாம். அதன் இடத்திற்குப் பொருந்துவது பரண்மேல் கிடக்கும் சாய்வு நாற்காலி. மரச்சட்டத்தில் கித்தான் துணி மாட்டிய நம் ஈஸி சேர், கப்பல்களின் மேல்தளத்தில் பயணிகள் சாய்ந்திருந்த நாற்காலியின் நெருங்கிய உறவு. கடலோரத் தோற்றத்திற்கு இதைவிடப் பொருத்தமான பொருளைக் கடையில் தேட வேண்டியதில்லை. சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசி, புதிய கித்தான் தைத்து மாட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு தலையணையின் விலையைத் தாண்டாது.

தேக்கு, ஈட்டி போன்ற உயர்ந்த மரத்தாலான பழைய இருக்கைகள் இருப்பின் அவற்றுக்கு வெள்ளை வண்ணம் பூசச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். மேலைநாட்டுக் கோடை வீட்டில் வண்ணம் பூசப்பட்டவை மலிவான பைன் மரப் பொருள்கள். நல்ல தேக்கின்மீது பூசிய வண்ணத்தை ஒரு நாள் சுரண்டியெடுக்க நேர்ந்தால் அது பெருஞ்செலவு. பளபளக்கும் வார்னிஷை மட்டும் நீக்கி, மங்கலான மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ தேய்த்தால் மரமும் பிழைக்கும், விறைப்பும் தணியும். ஒட்டுப்பலகையாலான மேசைக்கும் பழைய மர அலமாரிக்கும் தாராளமாக வண்ணம் பூசலாம்.

பிரம்பு இருக்கைகள் வாங்குவதாயின் சென்னையிலிருந்து நாகை செல்லும் சாலையில், கொள்ளிடத்திற்கு அருகிலுள்ள தைக்கால் என்னும் ஊர் தமிழ்நாட்டில் பெயர் பெற்றது. வடகிழக்கில் அசாமும் திரிபுராவும் இத்தொழிலுக்குப் புகழ்பெற்ற மாநிலங்கள். இருக்கையின் பின்னல் மட்டும் அறுந்துபோன பழைய நாற்காலி வீட்டிலிருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதில் பார்வைக் குறைபாடுடையோர் பலர் பயிற்சி பெற்றுள்ளனர். அவர்களுக்கான பயிற்சி நிலையங்கள் பலவற்றில் இவ்வேலையை ஒப்படைக்கலாம்.

இருக்கையின் உயரத்தைப் பற்றி ஒரு சொல். கடலோர பாணி என்ற பெயரில் தரையோடு ஒட்டிய, ஆழமான சோபாக்கள் விற்கப்படுகின்றன. இளையோர்க்கு அவை சுகம். முழங்கால் வலியுள்ள அம்மாவோ மாமனாரோ அதில் அமர்ந்தால் ஒருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும். இரண்டு முறை அவ்வாறு நேர்ந்த பிறகு அவர்கள் கூடத்திற்கே வராமல் தம் அறையிலேயே இருந்துவிடுவார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டாலும் காரணம் சொல்லமாட்டார்கள். தரையிலிருந்து 43 முதல் 46 சென்டிமீட்டர் உயரமும், ஊன்றி எழக் கைப்பிடியும், அழுத்தினால் அமுங்கிப்போகாத மெத்தையும் உள்ள ஓர் இருக்கையாவது, காற்று வரும் இடத்தில், அவர்களுக்கென்று இருக்க வேண்டும். இக்கட்டுரையில் உள்ள யோசனைகளுள் ஒன்றை மட்டும் செய்ய இயலுமெனில் இதைச் செய்யுங்கள்.

நடுவில் நிற்கும் கண்ணாடி டீப்பாயின் கூர்முனையைப் பற்றிச் சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு மாற்றாக இரண்டு மர முக்காலிகள் போதும். காப்பிக் கோப்பை எங்கே தேவையோ அங்கே அவற்றை நகர்த்திக்கொள்ளலாம். நடு இடம் காலியாகும். பாய் விரித்துப் பத்துப் பேர் தரையில் அமரலாம்.

சுவரும் வெளிச்சமும்

கரையோர வீடுகளின் வெண்மைக்குக் காரணம் சுண்ணாம்பு. நம் கரைகளில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீரில் நீற்றி, சுவருக்குப் பூசினர். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. அதன் காரத்தன்மையால் பூசணம் எளிதில் பற்றாது. சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடவும் முடியும். அதன் மேற்பரப்பில் விழும் வெளிச்சம் பளிச்சென்று திரும்பி அடிக்காமல் பரவுகிறது. ஈரமாக இருக்கும்போது அழுக்கு நிறமாகத் தோன்றி, காய்ந்தபின் வெளுக்கும் என்பதால் முதல் பூச்சைக் கண்டு மனந்தளர வேண்டாம். நீர்த்த பூச்சாக, ஒன்று காய்ந்த பின் மற்றொன்றாக, மூன்று முறை பூசுவது வழக்கம். வேலை செய்வோர் கண்ணுக்கும் கைக்கும் காப்பணிவது கட்டாயம். சுண்ணாம்பு கண்ணிற்பட்டால் பெருந்தீங்கு.

ஆனால் நம் அடுக்ககங்களில் பெரும்பாலும் முன்பே எமல்ஷன் பூசியிருப்பார்கள். அதன்மேல் சுண்ணாம்பு நில்லாது, உரிந்து விழும். அத்தகைய சுவர்களுக்குப் பளபளப்பில்லாத வகை எமல்ஷனைத் தேர்ந்தால் போதும். எந்த வெள்ளை என்பதிலும் கவனம் வேண்டும். வடக்கு நோக்கிய அறைக்குள் வரும் ஒளி குளிர்ந்தது. அங்கே சற்றே சந்தன நிறம் கலந்த வெள்ளை இதமாயிருக்கும். மேற்கு வெயில் அடிக்கும் அறைக்குச் சற்றே நீலமோ சாம்பலோ கலந்த வெள்ளை கண்ணுக்கு ஆறுதல். வெள்ளையடிக்கும்போது ஒரு சிட்டிகை நீலம் கலந்த நம் பெரியவர்கள் இதை அறிந்தே செய்தனர். கடையில் கிடைக்கும் வண்ண அட்டையைப் பார்த்து முடிவெடுக்காமல், இரண்டடிச் சதுரத்தில் பூசிப் பார்த்து, காலை, நண்பகல், விளக்கு வைத்த பின் என மூன்று வேளைகளில் கவனித்து முடிவு செய்யலாம்.

வண்ணங்களைப் பொறுத்தமட்டில், அடர்நீலத்தை அளவோடு வைத்துக்கொள்வது என் கருத்து. ஆழ்ந்த நீலம் மத்தியதரைக் கடலின் படங்களிலிருந்து வந்தது. வங்கக் கடலின் கரையில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது பச்சை கலந்த சாம்பல், ஈர மணலின் பழுப்பு, சவுக்கின் மங்கிய பச்சை, வெயிலில் வெளிறிய கட்டுமரத்தின் நிறம். கொங்கண், மலபார் கரைகளுக்குச் செம்புரைக்கல்லின் சிவப்பும் தென்னங்கீற்றின் பச்சையும். உங்களுக்குப் பழக்கமான கரை எதுவோ அதிலிருந்து மூன்று நிறங்களை எடுத்துக்கொண்டு, வெள்ளையோடு அவற்றை மட்டும் பயன்படுத்தினால் அறை தானே ஒழுங்குபடும்.

கோவாவின் பழைய வீடுகளில் கண்ணாடிக்கு மாற்றாகச் சிப்பி ஓடுகளை மரச்சட்டங்களில் பதித்த சன்னல்கள் உண்டு. அவற்றின் வழியே வெயில் பால்போல் வடிந்து அறைக்குள் வரும். அந்தச் சிப்பி இன்று சட்டப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம். புதிதாக அவ்வாறு சன்னல் செய்வது சரியன்று. அதே விளைவை மெல்லிய பருத்தித் திரை தந்துவிடும். வெல்வெட், செயற்கைப் பட்டு ஆகியவற்றாலான கனத்த திரைச்சீலைகளை அகற்றிவிட்டுக் கைத்தறித் துணியை மாட்டுங்கள். நான்கடி அகலச் சன்னலுக்கு இருபுறமும் அரையடி தள்ளிக் கம்பியைப் பொருத்தினால் திரையை ஒதுக்கும்போது சன்னல் முழுவதும் திறந்திருக்கும். ஏழடி உயரத்திலிருந்து தரைவரை தொங்கும் இரண்டு மடிப்புகளுக்கு, 48 அங்குல அகலத் துணியாயின் சுமார் ஐந்தரை மீட்டர் வேண்டும். சுருங்குவதற்கான இடமும் இதில் அடங்கும். துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள்.

இரவு வெளிச்சத்திற்கு வருவோம். கூடத்தின் நடுவில் 6500 கெல்வின் வெண்குழல் விளக்கு எரியும்வரை, வேறெதைச் செய்தாலும் அறை அலுவலகம்போலவே இருக்கும். 2700 முதல் 3000 கெல்வின்வரை குறிப்பிட்ட எல்.இ.டி. விளக்குகள் மாலை நேரத்து மஞ்சள் ஒளியைத் தரும். இந்த எண் விளக்கின் அட்டைப்பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கூரையில் ஒன்று பளிச்சிடுவதைக் காட்டிலும், இருக்கைகளின் அருகே தாழ்வாக இரண்டு மூன்று விளக்குகள் இருப்பது இதம். பிள்ளைகள் அங்கே படிப்பதாயின் வெண்ணிற விளக்கையும் தனி ஸ்விட்சில் வைத்துக்கொள்ளலாம்.

துணி, பாய், தரை

வெள்ளை உறை போட்டால் நம் ஊர்ப் புழுதியில் ஒரு வாரம் தாங்குமா என்னும் கேள்வி நியாயமானது. தாங்காது. வெளுக்காத காடாத் துணி அதற்கு விடை. அதன் இயல்பான பழுப்பு வெண்மை புழுதியைக் காட்டிக்கொடுக்காது, விலையும் குறைவு, ஒவ்வொரு சலவைக்கும் மென்மையாகும். மெத்தை உறைகளைத் தைத்து ஒட்டிவிடாமல், நாடாவோ ஜிப்போ வைத்துக் கழற்றித் துவைக்கும்படி இரண்டு செட் தைத்துக்கொண்டால், ஒன்று கொடியில் காயும்போது மற்றொன்று இருக்கையில் இருக்கும். பழைய வெல்வெட்டைக் கிழிக்கக்கூட வேண்டாம். அதன்மேலேயே தளர்வான உறையை மாட்டலாம். சற்றுக் கனமான துணி வேண்டுவோர்க்கு வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர்போன கண்ணூர்க் கைத்தறியும், சென்னிமலைப் போர்வைகளும் உண்டு.

தரைக்கு நம்மிடமுள்ள செல்வம் வேறெங்கும் இல்லை. ஆலப்புழையில் முதல் தென்னைநார்த் தொழிற்சாலை 1859-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அன்று முதல் உலகெங்கும் உள்ள கடலோர வீடுகளின் வாயில்களில் நம் தென்னைநார் மிதியடிகள் கிடக்கின்றன. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையால் பத்தமடைப் பாய் நெய்யப்படுகிறது. மிக நுண்ணிய வகை பட்டுத்துணிபோல் மடியும். பவானி ஜமக்காளத்தின் அகன்ற பட்டைகள், நீல வெள்ளைப் பட்டைகளுக்கு ஏங்குவோரின் ஆசையை நம் நிறங்களில் தீர்த்துவைக்கும். பத்தமடைப் பாயும் பவானி ஜமக்காளமும் புவிசார் குறியீடு பெற்றவை. வாங்கும்போது அக்குறியீட்டையும் கூட்டுறவுச் சங்க முத்திரையையும் கேட்டுப் பார்க்கலாம், ஏனெனில் விசைத்தறிப் போலிகள் அதே பெயரில் விற்கப்படுகின்றன. பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸைப் பெயர்த்தெடுப்பது வீண் செலவு. ஒரு பெரிய பாய் அதன் பளபளப்பை மறைத்துவிடும்.

வாங்கக் கூடாத பொருள் ஒன்றுண்டு. பவளப்பாறைத் துண்டுகள், கடல்விசிறிகள், பாடம் செய்த கடற்குதிரைகள் ஆகியவை சுற்றுலாத் தலங்களில் அலங்காரப் பொருள்களாக மறைமுகமாக விற்கப்படுவதுண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை இவை. இறந்துபோன பவளத்தை மேசைமேல் வைத்திருப்பதும் குற்றமே. அரிய வகைச் சங்குகள், சிப்பிகள் சிலவும் அச்சட்டத்தின் காப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் பவளப்பாறைகள் மீன்களுக்கு நாற்றங்கால். கரையை அலை அரிக்காமல் காப்பவை. கடலின் நினைவாக வீட்டில் ஏதேனும் வேண்டுமெனில், மீனவர் கழித்துப்போட்ட பழைய படகுப் பலகை ஒன்றை விலை பேசி வாங்கி அலமாரித் தட்டாக்கலாம்.

செலவுக் கணக்கு

மேற்கூறியவற்றை ஒரே மாதத்தில் செய்து முடிக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் புதிய சோபா செட்டைக் கடன் அட்டையில் வாங்கி, நிலுவையை மாதந்தோறும் தள்ளிப்போடுவதே இவ்வகை மாற்றங்களில் மிகக் கசப்பான வழி. மாதம் 3.5 விழுக்காடு வட்டி வசூலிக்கும் அட்டையில் ரூ. 40,000 நிலுவை இருந்தால் ஒரு மாத வட்டி ரூ. 1,400, அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ. 1,652. ஒரு சாய்வு நாற்காலிக்குக் கித்தான் மாற்றும் தொகை ஒவ்வொரு மாதமும் காணாமற்போகிறது என்று கொள்ளலாம். தனிநபர் கடன் இதைவிட மலிவு என்றாலும், ரூ. 1,00,000-ஐ ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 3,321, முடிவில் செலுத்தியிருப்பது ரூ. 1,19,500-க்குச் சற்று அதிகம். துணிக்கும் தலையணைக்கும் மூன்றாண்டுக் கடன் தேவைதானா?

மாதம் ரூ. 3,000 வீதம் ஓராண்டுக்குத் தொடர் வைப்பில் சேர்த்தால் அசல் மட்டும் ரூ. 36,000. வெளியேற்றுவது, திருப்பி வைப்பது, விளக்கு மாற்றுவது ஆகியவற்றை இப்போதே செய்துவிட்டு, வைப்புத்தொகை முதிரும் வேளையில் சுவருக்கு வண்ணமும் புதிய உறைகளும் என்று திட்டமிடலாம். இடையில் உள்ள மாதங்கள் வீணல்ல. வெறுமையான அறையில் வாழ்ந்து பார்த்தபின் வாங்க நினைத்தவற்றுள் பாதி தேவையற்றவை என்று தெரியவரும்.

சன்னலைப் பெரிதாக்குவது, சுவரைப் பெயர்த்துப் பூசுவது, தரையை மாற்றுவது போன்ற கட்டுமான வேலைகளுக்குக் கடன் வாங்குவதில் பொருளுண்டு. வீட்டுப் புதுப்பிப்புக் கடனும், நடப்பிலுள்ள வீட்டுக் கடன்மேல் பெறும் கூடுதல் கடனும் பொதுவாகத் தனிநபர் கடனைவிடக் குறைந்த வட்டியில் கிடைக்கும். பழைய வருமான வரி முறையில் இருப்போர், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக்கோ புதுப்பிப்புக்கோ பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ. 30,000 வரை கழிவு கோரலாம். ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். அடுக்ககமாயின் சுவரிலோ சன்னலிலோ கைவைக்குமுன் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும்.

உண்மையிலேயே கடலருகில் வசிப்போர்க்கு

விசாகப்பட்டினத்திலோ கடலூரிலோ கோழிக்கோட்டிலோ அலையோசை கேட்கும் தொலைவில் குடியிருப்போர்க்குத் தோற்றத்தைவிடத் துருவே பெருங்கவலை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். 304 வகை எவர்சில்வர்கூடக் கரையோரத்தில் பழுப்புப் புள்ளி காணும். 316 வகையில் மாலிப்டினம் கலந்திருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். கீல்கள், திரைக்கம்பிகள், ஊஞ்சல் சங்கிலி ஆகியவற்றை வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பித்தளையும் பொருந்தும், பச்சை பூக்கும், ஆனால் அரிக்காது. ஊஞ்சல் கொக்கியைச் சிமென்ட் பூச்சில் அல்லாமல் கான்கிரீட் உத்திரத்தில் பொருத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

புயலுக்கும் வெள்ளத்துக்கும் உள்ளாகும் பகுதிகளில் வீட்டுக் காப்பீடு இல்லாமல் கூடத்தை அழகுபடுத்துவது அடித்தளமின்றி மாடி கட்டுவதை ஒக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் ஒரே சீரான காப்புறுதித் திட்டத்தில் தீ, புயல், வெள்ளம் ஆகியவை அடங்கும். கட்டடத்தைக் காப்புறுதி செய்தால் அத்தொகையில் 20 விழுக்காடு அளவுக்கு, ரூ. 10 இலட்சத்திற்கு மேற்படாமல், வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு தானே கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்போர் பொருள்களுக்கு மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு எளிது. கோரைப் பாயையும் தென்னைநார் விரிப்பையும் மாதம் ஒருமுறை நிழலில் உதறிக் காயவையுங்கள்; மழைக்காலத்தில் சுருட்டி நிற்கவைத்தால் பூசணம் பிடிக்காது. பிரம்பு இருக்கை நாளடைவில் குழிந்தால், நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்புறத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரமாக்கி, காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கிப் பழையபடி இறுகிக்கொள்ளும். முற்றும் காயும்வரை யாரும் அதில் உட்கார வேண்டாம்.